பட்டாவில் பேரில்லாத வீடு

நம்முடைய பக்கத்தில் ஒரு குடும்பத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவன் அக்குடும்பத்துப் பெரியவர்களின் திண்ணைக்குப் போவதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவது நல்லது என்று நான் சொன்னால், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ அரைக்காணி நிலமாவது வாங்கி விற்றுப் பழகிய எவரும் அதனை மிகையென்று கருதமாட்டார். பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தப் பஞ்சத்தில் வந்தார் என்பதெல்லாம் வாய்மொழியில் ஆளுக்கொரு விதமாக வரும். கிரய சாஸனத்தில் எழுதிய நான்கெல்லை மாறாது. கிழக்கே ஓடைக்கும், மேற்கே வண்டிப்பாதைக்கும், வடக்கே இன்னார் கொல்லைக்கும், தெற்கே ஏரிக்கரைக்கும் உட்பட்ட நிலம் என்று பத்திரம் எழுதுபவர் ஒருவர் எழுதிவைத்துப் போன அந்த ஒரே வாக்கியத்தில், ஒரு வம்சத்தின் வரவும் வளர்ச்சியும், பின்னாளைய பாகப்பிரிவினையும், அதனால் விளைந்த மனஸ்தாபமும் அடங்கிக் கிடக்கும். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலும் அத்தகைய காகிதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கரையானிடமிருந்து காப்பாற்ற என் தகப்பனார் பட்ட பிரயாசை, என்னைப் படிக்கவைப்பதற்குப் பட்ட பிரயாசைக்குச் சற்றும் குறைந்ததில்லை.

அப்படிப்பட்ட சீமையிலே, பட்டா, சிட்டா, அடங்கல் ஒன்றிலும் தம் பெயர் இல்லாமல், விற்கும் பாத்தியதையும் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் பாத்தியதையும் இல்லாமல், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிலத்தில் வீடு கட்டி, கிணறு எடுத்து, மரம் வளர்த்து, பிள்ளை பெற்று வாழ்ந்து, சிலர் அங்கேயே கண்ணையும் மூடிய குடும்பங்கள் இருக்கின்றன என்றால், அவர்களுடைய சரித்திரத்தை எந்த அலுவலகத்தில் போய்த் தேடுவது? ஆரோவில்லைத்தான் சொல்கிறேன். புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் மாத்ரி மந்திரின் தங்க நிற உருண்டையைத் தூரத்திலிருந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த உருண்டையைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள். 1968-க்குப் பிறகு முதல் சில ஆண்டுகளில், நிழல் என்பதே அரிதாயிருந்த அந்தப் பொட்டலில் குடிசை போட்டு உட்கார்ந்தவர்களுடைய வீடுகளின் விருத்தாந்தம் எனக்கு வெகுநாளாக மனத்தில் இருந்துவருகிற விஷயம். அதற்கு ஒரு காரணம், அந்தப் பொட்டலை அடுத்த இரும்பைக்கு அருகே என் பெரியம்மாவைக் கொடுத்திருப்பதும், பெரியப்பா தம் வாலிபத்தில் அந்த வீடுகளுக்குக் குழி தோண்டியவர் என்பதும்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூரைத் தாண்டி, திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் கிழக்கே திரும்பினால் பூமி மெல்ல மெல்ல மேடாகிறது. மேடு என்றால் மலையன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஐம்பது மீட்டர் அளவில் உள்ள ஒரு செம்மண் மேடு, அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் சமவெளியாய்க் கிடக்கிற நாட்டில் அந்த ஐம்பது மீட்டரும் ஒரு பெரிய விசேஷம். மேட்டில் விழுகிற மழை நாலா பக்கமும் இறங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடாவுக்கு, வடக்கே கழுவேலிக்கு, மற்றப் பக்கங்களில் ஏரிகளுக்கு. இதே வானூர் வட்டத்துத் திருவக்கரையில், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கல்லாகிப்போன மரங்கள் இன்றும் கிடக்கின்றன. அவ்வளவு பழைய காடு கல்லாய் நிலைத்திருக்க, அதற்குப் பின் வந்த காடு நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில், காட்டைத் திருத்தி உழுகிறவனுக்கு நிலம் சொந்தம் என்று அனுமதி கொடுக்கப்பட்டதாகவும், அதற்குப் பிறகே இம்மேட்டின் மரங்கள் வேகமாக அழிந்ததாகவும் ஆரோவில்லின் காட்டுப்பணியாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பட்டாவுக்காக மரம் போயிற்று என்பது அதன் சாரம்.

மரம் போன பிறகு மண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் புஸ்தகத்தில் படித்ததைவிடப் பெரியப்பா சொல்லிக் கேட்டதே தெளிவாயிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையின் கனத்த துளி நேராகச் செம்மண்ணின்மேல் விழுந்தால், மேல்மண் இறுகி ஒரு பக்கு கட்டிவிடுகிறது. அதன்பின் விழுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடுகிறது. ஓடுகிற தண்ணீர் ஓரிடத்தில் கொஞ்சம் பள்ளம் பறிக்கிறது. அடுத்த வருஷம் அந்தப் பள்ளம் பின்னோக்கி வயலைக் கடிக்கிறது. இப்படியே கடித்துக் கடித்து, ஆள் நின்றால் தலை தெரியாத ஆழத்துக்கு ஓடைகள் விழுந்துவிட்டன. "மழ வந்துச்சுன்னா ஓடையில ரத்தம் மாதிரி ஓடும்டா தம்பி. பொம்மையார்பாளையத்துக் கடல் பத்து நாளைக்குச் செவந்து கெடக்கும். எங்கப்பா கொல்லையில பாதி அந்தக் கடல்லதான் கீது" என்றார். மிஞ்சிய பாதியில் வரகும் கம்பும் மணிலாவும் மானாவாரியாக விளைந்தன. மழை தவறினால் அதுவும் இல்லை. பனைமரமும் முந்திரியும் இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பார்கள்.

இந்த வறட்சிக்கு இரும்பையில் ஒரு புராணம் உண்டு. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர் அது. கடுவெளிச் சித்தர் அங்கே தவமிருந்தபோது அவருடைய தவத்தின் உக்கிரத்தால் மழை நின்றுபோயிற்றாம். தாசி ஒருத்தி உபாயமாக அவரை எழுப்பி அழைத்துவந்தாள். பிறகு அவள் சந்நிதியில் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழ, ஆட்டம் கெடக்கூடாது என்று சித்தரே அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். சபை சிரித்தது, சித்தர் சபித்தார், லிங்கம் பிளந்தது, நிலம் பாலையாயிற்று. பிறகு மனம் இரங்கி, தூரதேசத்து மனிதர் வந்து இதனைப் பசுமையாக்குவர் என்று சாபவிமோசனமும் சொன்னாராம். பிளந்த லிங்கத்துக்கு இன்றும் பூஜை நடக்கிறது. சாபம் பழையதென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விமோசனம் மட்டும் வெள்ளைக்காரர் வந்து மரம் நட்ட பிறகு யாரோ சாமர்த்தியசாலி சேர்த்தது என்பது என் அபிப்பிராயம். கோயில் குருக்கள் இதை ஒப்பமாட்டார்.

1968 பிப்ரவரி 28-ஆம் தேதி, அப்போதைய தென்னார்க்காடு ஜில்லாவின் இந்த மேட்டில் தனித்து நின்ற ஓர் ஆலமரத்துக்கு அருகே ஆரோவில்லின் தொடக்க விழாவுக்காகச் சுமார் ஐயாயிரம் பேர் கூடினார்கள். 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் தத்தம் தேசத்துப் பிடிமண்ணைத் தாமரை மொட்டு வடிவமான ஒரு சலவைக்கல் தாழியில் இட்டார்கள். ஆரோவில்லைத் தொடங்கியவரும் அன்னை என்று அழைக்கப்பட்டவருமான மீரா அல்ஃபாஸாவுக்கு அப்போது வயது தொண்ணூறு. புதுச்சேரி ஆசிரமத்தில் தம் அறையிலிருந்தபடியே பிரெஞ்சு மொழியில் அவர் படித்த சாஸனம் வானொலி மூலம் அங்கே ஒலித்தது. அதன் முதற் கருத்தே, இந்த நகரம் தனிப்பட்ட யாருக்கும் உரியதன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்பதுதான். 50,000 பேர் வாழத்தக்க நகரம் ஒன்றை ரோஜர் ஆங்கர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தார். விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு அந்த இடத்தில் மிஞ்சியது ஆலமரமும் தாழியும் வெயிலுமே.

அந்த வெயிலில் முதலில் வந்து உட்கார்ந்தவர்களில் பாப் லாலர், டெபோரா லாலர் என்ற அமெரிக்கத் தம்பதியர் பெயர் பிரசித்தம். ஓடை ஒன்றின் விளிம்பில் அவர்கள் அமைத்த குடியிருப்புக்கு, முன்னே வந்தவர்கள் என்னும் பொருள்பட ஃபோர்கமர்ஸ் என்று பெயர். அடுத்த ஆண்டு, 1969-இல், பாரிஸிலிருந்து வண்டிகளில் தரைமார்க்கமாகவே ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்காக ஆஸ்பிரேஷன் என்ற குடிசைத் தொகுதி எழுந்தது. பாப் லாலர் ஓவியர். பின்னாளில் வடிவகணிதத்தின் தெய்விக அம்சத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் உலகம் முழுதும் பேர் பெற்றது. ஆனால் இந்த மேட்டில் வந்திறங்கிய அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்த கணிதம், குடிக்கத் தண்ணீர் எத்தனை குடம், அதை எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவருவது என்பதாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வீடு எப்படியிருந்தது என்று சொல்லவேண்டும். செம்மண்ணில் மரக்கம்பை நேராக நட்டால் மழைக்காலம் தாண்டுவதற்குள் கரையான் அதை மாவாக்கிவிடும். ஆகவே நாலு கருங்கல் தூண்களை நட்டு, அவற்றின்மேல் சவுக்குக் கம்புகளால் சட்டம் கட்டி, தரைக்கு மேலே இடுப்பளவோ ஆளுயரமோ தூக்கிய மேடையில் கீற்று வேய்ந்து, ஏறி இறங்க ஓர் ஏணி சார்த்தியிருப்பார்கள். ஆணி கிடையாது, கட்டெல்லாம் கயிறு. சுவர் என்று தனியாக ஒன்று இல்லாமல் கூரையே தாழ இறங்கிச் சுவராகும். உள்ளே ஒரு பாய், கொசுவலை, சீமெண்ணெய் விளக்கு, தகரப்பெட்டி, இவ்வளவே குடித்தனம். தம் ஊர்ப் பந்தல்காரர்களும் கூரை வேய்பவர்களும் கட்டிய அந்த வீட்டைப் பெரியப்பா இன்றைக்கும் பரிகாசமாகப் பரண் என்றுதான் சொல்கிறார். "கொல்லைக் காவலுக்குப் பரண் கட்டுவோமில்ல, அதுல குடும்பம் பண்ணாங்க" என்று அவர் சொன்னபோது, பெரியம்மா உள்ளேயிருந்து, "அந்தப் பரண்ல இருந்தவங்கதான் உனக்கு வாரா வாரம் கூலி குடுத்தாங்க" என்று திருத்தினார்.

வீடு கட்டிக் குடியேறி நிலத்தை வசப்படுத்திய முன்னோடிக் குடும்பங்கள் என்றால் உலகத்தார் உடனே நினைப்பது அமெரிக்காவின் மத்திய சமவெளியைத்தான். 1862 மே 20-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து, வீடு கட்டிப் பயிரிட்டவனுக்கு அந்த நிலம் ஏறக்குறைய இனாமாகச் சொந்தமாயிற்று. அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் சுமார் 16 லட்சம் பேர் அவ்வாறு பட்டா பெற்றனர். கைமாறிய விஸ்தீரணம் 27 கோடி ஏக்கர். மரமில்லாத புல்வெளியாகையால் புல்வேருடன் மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மரம் நடுகிறவனுக்கு இன்னும் 160 ஏக்கர் தருவதாக 1873-இல் தனிச் சட்டமே போட்டுப் பார்த்து, ஏமாற்று அதிகமானபடியால் 1891-இல் அதை ரத்துசெய்தார்கள். அந்த நிலமெல்லாம் அதற்கு முன்பு அங்கே வாழ்ந்த செவ்விந்தியக் குடிகளுடையது என்பதையும், புல்லை உழுது தள்ளியதன் பலனாக 1930-களில் மேல்மண்ணே புழுதிப்புயலாய்ப் பறந்துபோயிற்று என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சரித்திரம் பூர்த்தியாகும்.

அந்தத் தேசத்திலிருந்தே புறப்பட்டு வந்த சிலர், நூறாண்டு கழித்து, நம் வானூர்ப் பக்கத்துப் பொட்டலில் அந்தச் சட்டத்துக்கு முற்றும் விபரீதமான ஒரு காரியத்தைச் செய்ததை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை. இங்கே நிலம் இனாமாக வந்ததன்று. கிராமத்தாரிடமிருந்து துண்டு துண்டாகக் கிரயத்துக்கு வாங்கப்பட்டது. வாங்கியது ஆரோவில்லுக்குப் பொறுப்பாயிருந்த ஸ்தாபனம், குடியேறியவனுக்குப் பங்கில்லை. ஐந்தாண்டு உழைத்தாலும் ஐம்பதாண்டு உழைத்தாலும் அவன் அனுபவிப்பவன் மட்டுமே. இப்படியொரு ஏற்பாட்டில் ஒருவன் குழி தோண்டுவானா என்று நம் ஊர்க் கணக்குப்பிள்ளை எவரைக் கேட்டிருந்தாலும் தோண்டமாட்டான் என்றே சொல்லியிருப்பார். தோண்டினார்கள்.

தோண்டியதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் அந்த வீடுகளின் அஸ்திவாரம் கருங்கல் தூணில் இல்லை, மண்கரையில் இருக்கிறது. முதலில் வந்தவர்கள் தோட்டம் போட்டார்கள், மழை அடித்துக்கொண்டு போயிற்று. ஓடையின் வாயில் அணை போட்டார்கள், தண்ணீர் அணையைச் சுற்றிக்கொண்டு புதிய ஓடை வெட்டிற்று. கீழே தடுத்துப் பயனில்லை, தண்ணீர் ஓட ஆரம்பிப்பதற்கு முன் மேட்டின் உச்சியிலேயே அதை உட்காரவைக்க வேண்டும் என்ற பாடம் பல மழைகளுக்குப் பிறகே வந்தது. ஒவ்வொரு வயலையும் சுற்றிச் சம உயரத்தில் கரை போட்டு, அந்த வயலில் விழுந்த மழை அந்த வயலிலேயே ஊறும்படி செய்தார்கள். சம உயரம் கண்டுபிடிக்க, கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர்க் குழாய் ஒன்றுதான் கருவி. ஒரு முனையை வெள்ளைக்காரர் பிடிக்க, மறுமுனையைப் பெரியப்பா பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்திருக்கிறார். பாஷை தெரியாமல் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "தண்ணி பேசும்டா. அது மேல ஏறுனா நான் கீழ எறக்கணும், அவ்ளோதான்" என்றார். மேட்டுக்குக் கரை போட்ட பிறகே ஓடைகளில் சிறு சிறு தடுப்பணைகள் நின்றன. ஓடுகிற மழை நடந்தது, நடந்த மழை நின்றது, நின்ற மழை கிணற்றுக்கு இறங்கிற்று.

அடுத்து மரம். மூன்றடிக் குழி, அதில் எரு, நடுவில் ஒரு மரக்கன்று, ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள். கோடையில் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் பெரும்பாலும் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் ஊர்களின் பெண்கள். இம்மண்ணுக்குரிய மரங்கள் அந்த வெயிலில் நேரடியாக வரவில்லை. ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவகை வேலமரத்தை முன்படையாக நட்டார்கள். அது கெட்ட நிலத்திலும் வேகமாக வளரும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், இலையைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். அதன் நிழலில் நாலைந்து வருஷம் கழித்து நம்முடைய மரங்களை நடலாம். ஆனால் நம்முடைய மரங்கள் எவை? காடே இல்லாதபோது விதைக்கு எங்கே போவது?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை, என்னைப் பொறுத்தவரை, இந்த முழுச் சரித்திரத்திலும் அதிக ரசமான பாகம். மரக்காணம் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் இருக்கிறதே, அதைச் சுற்றியிருக்கும் காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கவும் ஊரார் துணியமாட்டார்கள். குதிரைமேல் வருகிற ஐயனாருக்கு அஞ்சி, பட்டாதாரர்களும் ஜமீன்களும் சர்க்காரும் கைவைக்காமல் விட்ட அத்தகைய கோயில் காடுகளில்தான், வீரை, காயா, கருங்காலி, வெட்பாலை, உலக்கைப் பாலை என்று இந்தக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள் மிஞ்சியிருந்தன. ஆரோவில்லின் தாவரவியல் ஆர்வலர்கள் அக்காடுகளைத் தேடித்தேடிப் போய் விதை பொறுக்கினார்கள். ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்ஸ் பிச்சாண்டிக்குளத்தில் வளர்த்த காடு அவ்விதம் உண்டானதே. பின்னர் சென்னை அடையாற்றில் தொல்காப்பியப் பூங்காவைச் சீரமைக்கும் பணியிலும் பிச்சாண்டிக்குளத்தார் ஈடுபட்டார்கள். இன்றுவரை நடப்பட்ட மரங்கள் 20 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். வந்தவர்கள் தந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வனத்தின் தாய்வீடு ஐயனார் கோயில் என்பதை ஆரோவில்லுக்குப் போகிறவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும். குழி தோண்டிய கையும் நம் பக்கத்துக் கை, நட்ட விதையும் நம் பக்கத்து விதை. இரண்டையும் ஒன்று சேர்க்க ஒரு பைத்தியக்காரத்தனம் வேண்டியிருந்தது, அது வெளியூரிலிருந்து வந்தது.

நிலத்தை விற்றவர்களின் தரப்பில் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. ஓடை தின்ற மானாவாரிக் கொல்லையை எவனோ காசு கொடுத்து வாங்குகிறான் என்றபோது விற்றவர்களுக்கு அது லாபமாகவே பட்டது. மகளின் கல்யாணத்துக்கும், மாடு வாங்கவும், பழைய கடனைத் தீர்க்கவும் அந்தப் பணம் உதவிற்று. இன்றைக்கு அதே சர்வே எண்ணுக்குப் பக்கத்து மனை விற்கும் விலையைக் கேட்டால் அவர்களுடைய பேரன்மார்க்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? கூலி வேலை, பள்ளிக்கூடம், மருத்துவம், கைத்தொழில் என்று கிராமங்களுக்கு வந்த உபகாரங்கள் மெய். அதே சமயத்தில் சொந்தக் கொல்லையில் முதலாளியாயிருந்த குடும்பம் அடுத்த தலைமுறையில் அங்கேயே தோட்டக்காரனாகப் போகிறது என்பதும் மெய். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

1973 நவம்பர் 17-இல் அன்னை மறைந்த பிறகு, சொத்து யாருடையது என்ற வழக்கு வந்தே தீர்ந்தது. நிலங்களைத் தன் பேரில் வைத்திருந்த ஸ்தாபனத்துக்கும் குடியேறியவர்களுக்கும் விரோதம் முற்றி, 1980-இல் மத்திய சர்க்கார் அவசரச் சட்டத்தால் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்து, நிலமும் வீடும் அறக்கட்டளையைச் சேர்ந்தன. பட்டாவில் இதனால் ஸ்தாபனத்தின் பேர் மாறியதே தவிர, வீட்டுக்காரன் பேர் ஏறவில்லை.

குடும்பம் என்ற அளவில் அந்த வாழ்க்கை எத்தகைய விலையைக் கேட்டது என்பதை ஆகாஷ் கபூர் 2021-இல் வெளியிட்ட நூல் சொல்கிறது. அவரும் அவருடைய மனைவியும் ஆரோவில்லிலேயே வளர்ந்தவர்கள். மனைவியின் தாயார் டயான் மேஸ் பெல்ஜியத்திலிருந்து வந்தவர். 1976-இல் கட்டுமானத்திலிருந்த மாத்ரி மந்திரின்மேல் வேலை செய்யும்போது தவறி விழுந்து நடக்கும் சக்தியை இழந்தார். அவருடன் வாழ்ந்த ஜான் வாக்கர், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இயக்குநராயிருந்தவரின் புதல்வர். செல்வத்தில் பிறந்து கீற்றுக்குடிசைக்கு வந்தவர். வைத்தியத்தைவிட நம்பிக்கையைப் பெரிதாகக் கொண்ட அந்த வீட்டில், 1986-இல் ஒரே நாளில் இருவரும் இறந்தார்கள். வீட்டிலிருந்த பெண்குழந்தைக்கு அப்போது பதினான்கு வயது. அவள் அமெரிக்கா சென்று வளர்ந்து, திருமணமாகி, கணவருடன் மறுபடியும் அதே மேட்டுக்கே வந்து குடியேறினாள். அந்த நூலைப் படித்து முடித்த பிறகு, ஐம்பது வருஷத்து மரங்களைப் பார்த்து அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர என்னால் இயலவில்லை.

மரங்களுக்கும் கண்டம் வராமலில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, வேகமாக வளர்ந்த அந்த ஆஸ்திரேலிய வேலமரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல வீடுகளுக்குப் போகும் பாதையே மூடிப்போயிற்று. பத்தாண்டு கழித்து, 2021 டிசம்பரில், பழைய நகரத் திட்டத்திலிருந்த வட்டச்சாலையைப் போடுவதற்காகப் புல்டோசர்கள் வந்தன. மரத்தை வெட்டாதே என்று ஒரு கட்சி, நகரம் கட்டத்தானே வந்தோம் என்று மறுகட்சி. பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்ததும், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. பெரியப்பா இந்த வழக்கில் எந்தக் கட்சி என்று கேட்டால் விசித்திரமாக விடை சொல்வார்: சாலை வந்தால் வரட்டும், ஆனால் கரையை உடைக்கக் கூடாது. மரம் மறுபடி வரும், கரை உடைந்தால் ஓடை திரும்பிவரும் என்பது அவர் வாதம். நீதிமன்றத்தில் இந்த வாதத்தை யாரும் எடுத்துவைத்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது இருதரப்பு வக்கீல்களின் வாதத்தையும்விடப் பலமாகத் தோன்றுகிறது.

சென்ற தை மாதத்தில் பெரியப்பாவுடன் அவர் கரை போட்ட வயல்கள் வழியாக நடந்துபோனேன். முதற்காலத்தில் வந்த குடும்பம் ஒன்றின் மகள், தலை நரைக்கத் தொடங்கியவர், இப்போது அந்த வீட்டில் இருக்கிறார். கருங்கல் தூண்கள் நாலும் இருக்கின்றன. அவற்றின் மேலிருந்த பரண் போய், கீழே செங்கல்லும் ஓடுமாக வீடு வந்திருக்கிறது. அவர் எங்களோடு பேசிய தமிழ் இரும்பைத் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் பெரியம்மாவின் பக்கத்துவீட்டுப் பெண் என்றே தோன்றும்.

"உங்களுக்கு அப்புறம் இந்த வீடு யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"யாருக்குன்னு நான் எப்டிண்ணா சொல்றது? எம் பையன் கேட்டு எழுதிப் போடணும், குழுவுல முடிவு பண்ணுவாங்க. வேற யாருக்காவது குடுத்தாலும் குடுப்பாங்க" என்று சொல்லி, மோர் கொடுத்தார். "எழுதி வெச்சாத்தானே தாத்தா சண்டை வரும்?" என்று பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"எழுதி வெக்காமயே நீங்க கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துட்டீங்களேம்மா" என்றார் பெரியப்பா. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வடகிழக்கு மூலையில் கரை ஓரிடத்தில் எலிவளை விழுந்து தளர்ந்திருக்கிறது, ஆடிக்கு முன்னால் ஆள் விட்டு மண் போட்டுவிடவேண்டும் என்று அந்த அம்மாளிடம் சொல்ல, அவர் எந்த மூலை என்று கேட்டுக்கொண்டே எங்களுடன் எழுந்துவந்தார்.